முன்தோள்காரி

வலது தோள் எரிந்தது. முந்தின நாள் மரம் உரசி உரசித் தோல் வழன்றுபோன இடத்தில் துணியை மடித்து வைத்திருந்தேன். அது புண்ணோடு ஒட்டிக்கொண்டு, கையைத் தூக்கும்போதெல்லாம் பிடுங்கியது. வயிற்றில் ஒரு தம்ளர் கடுந்தேநீரைத் தவிர எதுவும் இல்லை. இந்த லட்சணத்தில், இன்னும் விடியாத குளிரில், கருவிக் கொட்டகை வாசலில் நின்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டேன்.

“கட்டையனுக்குக் காய்ச்சல். இன்னிக்கு உனக்கு ஜோடி உன் நாத்தனார்.”

“வேற ஆளே கிடைக்கலையா?”

“கிடைப்பாங்க. தோள் உயரம் ஒத்துப்போகணுமே. உனக்கு ஒட்டகச்சிவிங்கியையா ஜோடி போட முடியும்?”

கொட்டகைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து, காலணி நாடாவை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகத்தில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும்.

எங்கள் வேலை பாதை வேலை. மலைத்தொடரின் ஒரு கோடியில் தொடங்கி மறு கோடி வரைக்கும் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. பனிக்காலம் முடிந்ததும் முதுகுப் பையும் கையில் இரண்டு குச்சியுமாக ஆட்கள் வருவார்கள். வாரக்கணக்கில் நடப்பார்கள். யாரும் அவர்களை நடக்கச் சொல்லவில்லை, நடந்ததற்குக் கூலியும் கிடையாது. அவர்கள் வருவதற்குள் நாங்கள் படிக்கல்லைச் சரிசெய்து, விழுந்த மரங்களை அறுத்து, ஓடைப் பாலத்துக்குப் புது உத்திரம் போட்டாக வேண்டும். அந்த உத்திரத்தை ஏற்றிக்கொண்டு போக வண்டி கிடையாது. தோள்தான் வண்டி.

அதையும் விடிவதற்கு முன்னால்தான் தூக்க வேண்டும். பனிக்காலத்தின் கடைசிப் பகுதி இது. பாலத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்குச் சரிவில் பனி இன்னும் கிடக்கிறது. ராத்திரிக் குளிரில் அதன் மேல்பக்கம் பலகைபோல் இறுகிவிடும். ஆள் நடக்கலாம், மரத்தோடும் நடக்கலாம். வெயில் பட்டுவிட்டால் தொடை வரை இறங்கும். தொடை வரை இறங்கின காலோடு உத்திரத்தை வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று நடக்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

முன்னால் தூக்குகிறவர் முன்தோள், பின்னால் தூக்குகிறவர் பின்தோள். பின்தோளுக்குக் கண் கிடையாது. மரம் கழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகுதான். காலை எங்கே வைப்பது என்று முன்தோள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கல். வேர். பள்ளம். ஊற்றுத்தண்ணீர் பாதைமேல் கசிந்து உறைந்து கிடந்தால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி. வெள்ளைப் பனி கண்ணில் படும், கண்ணாடி படாது. பின்னால் வருகிறவர் உங்கள் அப்பனை வெட்டினவராகவே இருந்தாலும் கண்ணாடி வந்தால் குரல் கொடுத்தாக வேண்டும். சண்டையை இறக்கி வைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பனிக்காலம் தொடங்கின சமயத்தில் என் வீட்டுக்காரரும் அவர் தங்கச்சியும் ஒரு உத்திரம் தூக்கினார்கள். இவள் முன்தோள், அவர் பின்தோள். நான் அன்று வேறு சரிவில் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை இவள் தாண்டிவிட்டாள். அவர் வழுக்கினார். மரம் அவர் இடுப்பின்மேல் இறங்கியது.

இப்போது அவர் அடுப்பங்கரைக் கட்டிலில் கிடக்கிறார். மாடிப்படி ஏற முடியாது. கவிழ்த்த வாளியின்மேல் காலை நீட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பார். கேட்டால் ஒரே பதில்.

“அவ குரல் குடுத்தா. எனக்குத்தான் கவனம் இல்ல.”

இவளும் அதையேதான் சொல்கிறாள். இவள் இருப்பது எங்கள் வீட்டுப் பின்னறையில்தான். கட்டினவனை விட்டுவிட்டு வந்தவள். ஆனால் அண்ணன் இருக்கிற அடுப்பங்கரைக்குள் அன்றிலிருந்து கால் வைப்பதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். குரல் கொடுத்தவள் எதற்காகத் தட்டை வாசற்படியில் வைக்கிறாள்?

கருவிக் கொட்டகைக்கு ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை. கோடாரி, ரம்பம், கடப்பாரை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்க வேண்டும், முனை மழுங்கினதைத் தீட்ட வேண்டும். என் வீட்டுக்காரரைவிட நன்றாகத் தீட்டுகிறவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. கேட்கப் போனேன். மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார்.

“தன் காலையே கவனிக்காத ஆளை நம்பி ரம்பத்தையும் கோடாரியையும் ஒப்படைக்க முடியாதும்மா. யாராவது கையை வெட்டிக்கிட்டா நான்தானே பதில் சொல்லணும்?”

குரல் வரவில்லை என்றால் தப்பு முன்தோள்மேல். குரல் வந்தும் விழுந்தால் தப்பு பின்தோள்மேல். அதுதான் கணக்கு. இன்றைக்குப் பாலத்தடியில் வைத்துக் கொட்டகைச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிடப் போவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

உத்திரத்தின் பக்கத்தில் போய் நின்றேன்.

“நான்தான் முன்தோள்,” என்றேன்.

“சரி அண்ணி.”

“எனக்கு இன்னும் உயிர்மேல ஆசை இருக்கு. அதான்.”

கொட்டகையில் சிரிப்பு நின்றது. அவள் பின்முனைக்குப் போனாள். குனிந்தோம், தூக்கினோம். தோள் புண்ணின்மேல் மரம் சரியாக உட்கார்ந்தது, அந்த இடத்துக்காகவே அளந்து அறுத்ததுபோல.

நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஏறினோம். காட்டுக்குள் பாதை வளைந்து வளைந்து போகும். உத்திரத்துக்கு வளையத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்முனை வெளியே நீள, பின்முனை மரங்களில் இடிக்கும்.

“கல்லு.”

“ம்.”

“வேரு. வழுக்கும்.”

“ம்.”

அவள் ‘ம்’ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலும் ‘ம்’தான். உப்பு போதுமா, ம். அண்ணனுக்குச் சுடுதண்ணி வெச்சியா, ம். என் வீட்டுக்காரர் ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் பல்லைக் கடிக்கிறாரே, அது பின்னறை வரைக்கும் கேட்குமே, அதற்கும் இவள் சுவருக்கு அந்தப்பக்கம் படுத்துக்கொண்டு ‘ம்’ என்றுதான் இருந்திருப்பாள்.

“வாயில என்ன, கொழுக்கட்டையா? பதிலைக் கொஞ்சம் முழுசா சொன்னா ஆகாதா?”

“கேட்டுச்சுன்னு சொல்றதுக்குத்தானே அண்ணி ‘ம்’.”

“உனக்கு நல்லாக் கேக்கும். உங்கண்ணனுக்குத்தான் காது கேக்காது. அப்படித்தானே?”

‘ம்’ வரவில்லை.

காடு முடிகிற இடத்தில் பின்னாலிருந்து இரண்டு வெளிச்சம் வந்தது. நடக்கிற கூட்டத்தில் முந்திக்கொண்டு வந்த ஜோடி. சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் பளீரென்று ஒரே நிறம். பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இறக்கம்.

“கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா?” என்றான் அவன்.

“எங்க ஒதுங்கறது? கீழயா?”

“இல்ல, இறக்கி வெச்சுட்டு...”

“இறக்கி வெச்சா திரும்ப நீங்களா தூக்கிவிடுவீங்க?”

அந்தப் பெண் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு பாறையோடு ஒட்டி, ஒவ்வொருவராக, மரத்துக்கு அடியில் குனிந்து போனார்கள். தாண்டின பிறகு அவன் திரும்பி, ஆவி பறக்கும் மூச்சோடு சொன்னான்.

“மலைக்கு வந்தாலே மனசு லேசாயிடுது இல்ல?”

“ஆமா சார். என் மனசு ரொம்ப லேசு. கனமெல்லாம் தோள்ல இருக்கு.”

பின்னால் களுக்கென்று ஒரு சத்தம். நாத்தனார் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரிப்பைக் கேட்கிறேன். ஒரு காலத்தில் நானும் அவளும் சேர்ந்தால் என் வீட்டுக்காரர் வெளியே எழுந்து போய்விடுவார், அவ்வளவு சிரிப்போம். அது நினைவுக்கு வந்ததில் எனக்கு இன்னும் கோபம்தான் ஏறியது. அவர் கட்டிலில் கிடக்கிறார், இவளுக்குச் சிரிப்பு வருகிறது.

கிழக்கே வானம் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த ஜோடியால் நேரம் போனது. நடையை எட்டிப் போட்டேன்.

கண்ணாடி பனிச்சரிவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பாறையில் ஊற்று கசிகிற இடம். வருஷா வருஷம் அங்கேதான் உறையும். தூரத்திலிருந்தே நெற்றி விளக்கில் அது மினுக்கியது. அதற்குமேல் தூள் பனி லேசாகப் படிந்திருந்தது. வெளிச்சம் சாய்வாக விழாவிட்டால் வெறும் தரையென்றே தோன்றும். வெளிப்பக்கம் சரிவு. அவர் விழுந்தது இந்த இடத்தில்தான். மரம் அவர்மேல் இறங்கியது இதோ இந்தக் கல்லுக்குப் பக்கத்தில்.

நான் காலைப் பாறையோரம் வைத்தேன். அங்கே கொஞ்சம் சொரசொரப்பு இருந்தது. ஓர் அடி, இன்னோர் அடி. பின்னால் அவள் காலடி என் காலடியோடு சேர்ந்து வந்தது. அவளுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்தான்.

வாயை மூடிக்கொண்டால் போதும். கையை ஓங்க வேண்டாம், தள்ள வேண்டாம், ஒரு கெட்ட வார்த்தை திட்ட வேண்டாம். சும்மா நடந்தால் போதும். அப்புறம் நானும் சொல்வேன், ‘குரல் குடுத்தேன், அவளுக்குத்தான் கவனம் இல்ல’ என்று. அவள் என்ன சொல்வாள்? அவள் வாயாலேயே அவளைக் கட்டிப் போடலாம். சத்தியமாக நினைத்தேன். இடுப்பில் மரம் இறங்கினால் எப்படி இருக்கும் என்று இவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

“கண்ணாடி!” என்று கத்தினேன். “பாறையோட ஒட்டி வா! உள்பக்கம்! வெளிய கால வைக்காத!”

என் வாய் எனக்கே விரோதி. எனக்காக ஒருநாள் ஒரு நிமிஷம் மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? அந்தக் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. அவள் உள்பக்கம் ஒதுங்குவதை மரத்தின் அசைவில் உணர்ந்தேன். ஒவ்வோர் அடியாக வந்தாள். தாண்டினாள்.

பிறகு பின்பாரம் ஆடத் தொடங்கியது. அவள் உடம்பு உதறியது. மரம் வழியாக என் எலும்புக்கு வந்தது அந்த உதறல்.

“அண்ணி, இறக்குங்க.”

“இங்க எப்படி இறக்கறது? உருண்டுரும். நட.”

“என்னால முடியல அண்ணி.”

“முடியும். நட. வெயில் வருது.”

நடந்தாள். நடந்துகொண்டே பேசினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. குரல் மட்டும் மரத்தை ஒட்டிக்கொண்டு பின்னாலிருந்து வந்தது.

“நான் அன்னிக்குச் சொல்லல அண்ணி. குரல் குடுக்கல.”

நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் மரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன்.

“அன்னிக்குக் காலையில, நீங்க கல்லு உடைக்கப் போன பிறகு, கொட்டகையில வெச்சு எல்லாரும் இருக்கும்போது அண்ணன் பேசினாரு. கட்டினவன் வேணாம்னு வந்தவளுக்கு என் வீட்டுல ஆயுசுக்கும் பாய் விரிச்சிருக்குன்னு நினைச்சியாடின்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. இன்னிக்கு வாயைத் திறக்கறதில்லன்னு இருந்தேன். கல்லு வந்தப்போ சொல்லல, வேரு வந்தப்போ சொல்லல. அவரா காலால தடவித் தடவி வந்துட்டாரு. கண்ணாடி வந்தப்போ... என் கால் தாண்டிருச்சு. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணி. அதுக்குள்ள...”

“கல்லு,” என்றேன். பாதையில் கல் இருந்தது.

“ம்.”

“அவரு ஏன் நீ குரல் குடுத்தேன்னு சொல்றாரு?”

“அவருதான் சொல்லச் சொன்னாரு. தூக்கிட்டுப் போகும்போதே என் கையைப் பிடிச்சுட்டு, நீ குரல் குடுத்த, எனக்குக் கேக்கல, அவ்வளவுதான், வேற வார்த்தை பேசாதன்னாரு.”

அப்படியா சங்கதி. பனிக்காலம் முழுக்க அவர் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். வாளியைக் கவிழ்த்து வைத்தவள் நான். அண்ணனும் தங்கையும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறார்கள், நடுவில் நான் குருடிபோல் நின்றிருக்கிறேன். ஊர் சிரிக்கத் தங்கையைக் கேவலப்படுத்தியதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். வீட்டுக்குப் போனதும் அவருக்கு இருக்கிறது. ஆனால் அது வேறு கணக்கு. வாய்க்கொழுப்புக்கு இடுப்பா விலை?

“மேஸ்திரிகிட்ட சொல்லு,” என்றேன். “இன்னிக்கு, சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி. உங்கண்ணன் கவனம் இல்லாத ஆள் இல்லன்னு அந்தாளுக்குத் தெரியணும். உக்கார்ந்து செய்யற வேலை இனிமே எங்க கிடைக்கும்? அந்தக் கட்டில்லயே அவரு மக்கிப் போறதா?”

“சொல்றேன் அண்ணி.”

“எல்லார் முன்னாடியும்.”

“சொல்றேன்.”

பனிச்சரிவில் எங்கள் கால் இறங்கவில்லை. தாண்டி முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது மேல்விளிம்பில் வெயில் தொட்டுவிட்டது.

ஓடைக்கரையில் ஆட்கள் முன்பே வந்திருந்தார்கள். மேஸ்திரி ஒரு பாறைமேல் உட்கார்ந்து விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மச்சான், புதுச் சட்டையில், பெண் பார்க்க வந்தவனைப்போல. உத்திரத்தை இறக்கினோம். தோளிலிருந்து துணி பிய்ந்து வந்தது, ரத்தத்தோடு.

“மேஸ்திரி,” என்றேன். “சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி இவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

எல்லோரும் திரும்பினார்கள். நாத்தனார் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் மச்சானைப் பார்த்தாள். குரல் கொடுக்காத முன்தோளை இந்தக் கூட்டம் மறுநாள் வேலைக்குச் சேர்க்காது. வேலை இல்லையென்றால் அவளுக்குக் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் கட்டினவன் வீட்டு வாசல்தான். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடுமா?

அவள் வாய் திறந்தது.

“கயிறு எங்க இருக்கு மேஸ்திரி?” என்றாள்.

ஆட்கள் சிரித்தார்கள். “இதைக் கேக்கறதுக்கா இவ்வளவு பீடிகை?” என்றார் மேஸ்திரி.

“அது இல்ல!” நான் அவர் முன்னால் போய் நின்றேன். “அன்னிக்கு இவ குரல் குடுக்கல. இப்பத்தான் வழியில சொன்னா. என் வீட்டுக்காரர்மேல தப்பு இல்ல.”

“நீ அன்னிக்கு அங்க இருந்தியா?”

“இல்ல. ஆனா இவளே...”

“ஏம்மா, உன் அண்ணி சொல்றது நிஜமா?”

நாத்தனார் கயிற்றுச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ‘ம்’ கூட வரவில்லை.

“பாரு,” என்றார் மேஸ்திரி, பொறுமையாக. அந்தப் பொறுமைக்கே ஓர் அறை விட்டிருக்க வேண்டும். “விழுந்தவரு அவ குரல் குடுத்தான்னு சொல்றாரு. இவளும் அப்படித்தான் சொன்னா. அங்க இல்லாத நீ ஒருத்திதான் வேற மாதிரி சொல்ற. வீட்டுச் சண்டையை வேலையில கொண்டு வராதீங்கம்மா.”

சாவி மச்சான் கைக்குப் போனது. அவன் அதைச் சட்டைப்பையில் போட்டு, மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ரம்பத்தின் எந்தப் பக்கம் பல் இருக்கிறது என்றாவது தெரியுமோ என்னவோ.

புது உத்திரத்தைப் பொருத்தின பிறகு பழையதைத் தங்குமிடத்துக்குத் தூக்கிப்போக வேண்டியிருந்தது. ஓடைக்குமேல், நிழல்பக்கமாகப் போகிற படிக்கட்டுப் பாதை. நடக்க வருகிறவர்கள் குளிர்காய அங்கே ஓர் அடுப்பு உண்டு, அதற்கு விறகு. நான் முன்முனைக்குப் போனேன். அவள் எனக்கு முந்திக்கொண்டு போய் அங்கே நின்றாள்.

“நான் முன்தோள் அண்ணி.”

அவளோடு மல்லுக்கட்ட என்னிடம் தெம்பில்லை. பின்னால் போனேன். தூக்கினோம்.

“கல்லு!” என்றாள் முதல் அடியிலேயே. “அண்ணி, கல்லு. இடது பக்கம். சின்னக் கல்லுதான். படி உயரம். இன்னொரு படி. ஈரம், ஈரம், பாத்து. வேரு. கண்ணாடி இருக்கு அண்ணி, கொஞ்சம்தான், உள்பக்கம் வாங்க. பள்ளம். தாண்டிட்டேன், இப்ப நீங்க.”

இருக்கிறதையும் சொன்னாள், இல்லாததையும் சொன்னாள். மக்கிய இலைக்கும் குரல் கொடுத்தாள். தொண்டை கம்மிப்போகும் அளவுக்குக் கத்தினாள். மேலே தங்குமிடத்து வாசலில் அந்தப் பளீர்ச்சட்டை ஜோடி தேநீர்க் கோப்பையோடு நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. அவள் முதுகு என் கண்முன்னால் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று.

நான் ‘ம்’ சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எனக்கு அவள் ஆயிரம் வார்த்தை கொடுத்தாலும் அது எதில் வரவு? அவள் கடன்பட்டது எனக்கில்லை. அடுப்பங்கரையில் கவிழ்த்த வாளிமேல் காலை நீட்டிக் கிடக்கிற மனுஷனுக்கு, இந்தக் கூட்டம் மொத்தமும் கேட்க, அவள் ஒரே ஒரு வாக்கியம் கொடுக்க வேண்டும்: ‘நான் குரல் குடுக்கல.’ அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.